அரை மூட்டையில் தோள் பழகுமா?

துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்களிடையே நெடுநாளாக ஒரு வழக்கு தீராமல் கிடக்கிறது. போட்டியில் எந்தத் தோட்டாவைச் சுடுகிறோமோ அதே தோட்டாவில்தான் தினமும் பழக வேண்டுமா? அல்லது மருந்தைக் குறைத்து நிரப்பிய இலேசான தோட்டாவில் பழகிவிட்டு, போட்டி நாளில் மட்டும் முழுத் தோட்டாவைப் போட்டால் போதுமா? ஒரு கட்சி "இலேசே போதும், கை கெடாது, காசும் மிச்சம்" என்கிறது. மறு கட்சி "அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது" என்கிறது.

நண்பர்களே! "இதுக்கும் நம்ம டிப்ளமாவுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சிங்கப்பெருமாள் கோவில்காரர்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் ஒன்றும் புதிதல்ல. அனுமந்தபுரம் அகோர வீரபத்திரருக்கு வெற்றிலை மாலை சாத்தப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அந்த மலைப் பக்கம் ராணுவத்தினரும் காவல்துறையினரும் சுட்டுப் பழகும் தளம் இருக்கிறது. செங்கல்பட்டை அடுத்த ஒத்திவாக்கத்தில் நம் மாநிலக் காவல்துறையின் கமாண்டோ படைச் சுடுதளம் இருக்கிறது. 2023 ஜூன் மாதம் அகில இந்தியக் காவல்துறை மகளிர் துப்பாக்கி சுடும் போட்டி அங்கேதான் நடந்தது. நம் என்.சி.சி. நண்பர்களோ ஆண்டு முகாமில் குப்புறப் படுத்து .22 டெலக்ஸ் ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு வந்து ஒரு மாதம் அதே கதையைச் சொல்வார்கள். சினிமா பார்க்கிறவர்களுக்கும் விஷயம் தெரியும். நடிகர் அஜித்குமார் 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் 4 தங்கமும் 2 வெண்கலமும் வாங்கியபோது நம் ஹாஸ்டலில் விசில் பறந்ததாக சீனியர்கள் சொல்வார்கள்.

ஆக, இது நம் பக்கத்து வீட்டு விவகாரம். அதைவிட முக்கியம், இந்த வழக்கின் தீர்ப்பு நம் ஒர்க்‌ஷாப்புக்கும் பொருந்தும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலேசில் பழகுவது தப்பில்லை. இலேசில் சுட்ட மார்க்கை வைத்துத் தன்னை எடை போடுவதுதான் தப்பு. ஏன் என்று இனிப் பார்ப்போம்.

இலேசு என்றால் எவ்வளவு இலேசு?

நாம் மெக்கானிக்கல் பிள்ளைகள். கணக்குப் போடாமல் பேசக் கூடாது. தோட்டா என்பது ஓடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. சுட்டால் குண்டு முன்னே பறக்கும், துப்பாக்கி பின்னே உதைக்கும். முதல் வருட ஃபிசிக்ஸில் படித்த உந்த அழிவின்மை விதிதான் இது. 

8 கிராம் குண்டு ஒன்று நொடிக்கு 320 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டலின் எடை 1 கிலோ. வெடித்த வாயுவின் எடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், பிஸ்டல் நொடிக்கு சுமார் 2.56 மீட்டர் வேகத்தில் கையை நோக்கி வருகிறது. அதன் ஆற்றல் ஏறக்குறைய 3.3 ஜூல். இப்போது மருந்தைக் குறைத்து, அதே குண்டை நொடிக்கு 270 மீட்டரில் மட்டும் விடுகிறோம். குண்டின் வேகம் ஆறில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஆனால் உதையின் ஆற்றல் 2.3 ஜூலாக இறங்கிவிடுகிறது. அதாவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு! வேகம் வர்க்கமாகப் பெருகுவதால் வரும் வித்தை இது. பார்வைக்குக் கொஞ்சம்தான் குறைத்திருக்கிறோம், கைக்கோ அது வேறு துப்பாக்கி.

இன்னும் இலேசாக்க வேண்டும் என்றால் .22 தோட்டா. அதன் குண்டு சுமார் 2.6 கிராம்தான். அதே 320 மீட்டர் வேகத்தில் விட்டாலும், அதே 1 கிலோ பிஸ்டலில் உதை 0.35 ஜூல். முழுத் தோட்டாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 

போட்டி நடத்துகிறவர்கள் இதை அறியாதவர்களா? அமெரிக்காவிலும் பல நாடுகளிலும் நடக்கும் ஓடிச் சுடும் போட்டிகளில், "பவர் ஃபேக்டர்" என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். குண்டின் எடையை கிரெயின் கணக்கிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்ற கணக்கிலும் எடுத்துப் பெருக்கி, 1000-ஆல் வகுக்க வேண்டும். அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி 125 வந்தால் "மைனர்", 165 வந்தால் "மேஜர்". நாம் மேலே போட்ட 8 கிராம் குண்டு 124 கிரெயின். 320 மீட்டர் என்பது 1050 அடி. பெருக்கி வகுத்தால் 130.2. தேறியாச்சு. இலேசுத் தோட்டாவோ 110-ஐத் தாண்டவில்லை. போட்டி நாளில் தோட்டாவை வாங்கி, வேகமானியில் சுட்டு அளந்து பார்க்கிறார்கள். 125-க்குக் கீழே போனால் அன்றைக்கு நீங்கள் சுடலாம், மார்க் மட்டும் கிடையாது. இலக்கின் நடுப்பகுதியில் பட்டால் இரண்டு வகைக்கும் 5 மார்க். கொஞ்சம் விலகிப் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. கனமான உதையைத் தாங்கிச் சுடுகிறவனுக்குச் சின்னச் சலுகை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். போட்டியில் அளக்கிறார்கள். பயிற்சியில் யாரும் அளப்பதில்லை. அங்கே நம்மை அளக்க வேண்டியவர் நாமேதான்.

இலேசுக் கட்சியின் நியாயம்

இலேசுக் கட்சியை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது.

புதிதாகச் சுடுகிறவனுக்கு எதிரி இலக்கு அல்ல, பயம். "டமார்" என்று வெடிக்கப் போகிறது, கையில் உதைக்கப் போகிறது என்று மனசு முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடும். குண்டு கிளம்புவதற்கு ஒரு கணம் முன்பே கண் மூடிக்கொள்ளும், மணிக்கட்டு கீழே தள்ளும், விசையை விரல் வெடுக்கென்று இழுக்கும். குண்டு இலக்குக்குக் கீழே மண்ணைத் தின்னும். இந்தக் கோளாறு ஒருமுறை கைக்குள் புகுந்துவிட்டால், வெளியேற்ற மாதக்கணக்கில் ஆகும். முதல் நாளே கனமான தோட்டாவைக் கொடுத்து ஒருவனைக் கெடுப்பதைவிட, இலேசானதைக் கொடுத்து அவன் விரலையும் மூச்சையும் பார்வையையும் சீராக்குவது புத்திசாலித்தனம்.

அதனால்தான் உலகமெங்கும் .22-இல் தொடங்குகிறார்கள். அதற்கும் முன்னே 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல். அதற்கும் முன்னே தோட்டாவே இல்லாத வெற்றுப் பயிற்சி: துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை சோதித்துவிட்டு, குழல் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுத்துப் பழகுவது. செலவு பூஜ்யம்!

செலவு என்றதும் அடுத்த நியாயம் வந்துவிட்டது. தோட்டா காசு. நம் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டின் வாசற்படியே உயரம். ஒரு நாளைக்கு நூறு முழுத் தோட்டா சுடு என்று சொல்கிறவர், அதற்கான பில்லையும் கட்டுகிறவராக இருக்க வேண்டும். இலேசான தோட்டாவும் .22-வும் ஏர் பிஸ்டலும் இல்லை என்றால், இது ஜமீன்தார் வீட்டு விளையாட்டாகவே நின்றிருக்கும். ஏழைக்கு இலேசுப் பயிற்சி சோம்பேறித்தனம் அல்ல, அதுதான் அவனுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு. இதை மறந்துவிட்டு இலேசுக் கட்சியைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

முழுக் கட்சியின் நியாயம்

ஆனால் கதவைத் திறந்து உள்ளே போனவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால்?

இலேசுத் தோட்டாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது நம் தப்பை மறைத்துவிடும். பிடி தளர்ந்திருந்தாலும் துப்பாக்கி அதிகம் துள்ளாது. நிற்கும் நிலை கோணலாக இருந்தாலும் உடம்பு ஆடாது. அடுத்த குண்டுக்குப் பார்வை சீக்கிரம் இலக்குக்குத் திரும்பிவிடும். "அடேங்கப்பா, நான் எவ்வளவு வேகம்!" என்று தோன்றும். முழுத் தோட்டாவைப் போட்டவுடன் வேஷம் கலையும். குழல் இன்னும் மேலே கிளம்பும், திரும்பி வர நேரம் ஆகும். பழகிய தாளத்தில் விரல் விசையை இழுத்துவிடும், பார்வையோ இன்னும் வந்து சேர்ந்திருக்காது. போதாக்குறைக்குக் குண்டு படும் இடமும் மாறும். இலேசுத் தோட்டாவுக்குச் சரி செய்த குறிக்கட்டை முழுத் தோட்டாவுக்குச் சரியாக இருக்கும் என்று உறுதி இல்லை.

இயந்திரமும் ஒத்துழைக்காது. தானியங்கிப் பிஸ்டலில் மேல் கட்டை பின்னே போய் வந்தால்தான் அடுத்த தோட்டா ஏறும். அதை முன்னே தள்ளும் ஸ்பிரிங், முழுத் தோட்டாவின் உதைக்குக் கணக்குப் பார்த்துப் போட்டது. மருந்து குறைந்தால் கட்டை பாதி வழியில் நின்றுவிடும். அதற்காக மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு, போட்டி நாளில் மாற்ற மறந்தால், ஒவ்வொரு வெடிக்கும் கட்டை சட்டத்தில் வந்து முட்டும். மருந்து மிகவும் குறைந்தாலோ குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கவும் கூடும். ஆகவே "இலேசு என்றால் ஆபத்தில்லை" என்பதும் முழு உண்மை அல்ல.

இதற்கு ஒரு ரத்த சாட்சியும் உண்டு. 1970 ஏப்ரல் 5-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நியூஹால் என்ற இடத்தில், நெடுஞ்சாலைக் காவல் படையைச் சேர்ந்த நான்கு பேர், ஆயுதம் தாங்கிய இரண்டு குற்றவாளிகளுடன் நடந்த மோதலில் சில நிமிடங்களுக்குள் உயிரிழந்தார்கள். நால்வருமே இளைஞர்கள், பணியில் சேர்ந்து அதிக காலம் ஆகாதவர்கள். விசாரணையில் வெளிவந்த பல குறைகளில் ஒன்று இது: பயிற்சியில் அவர்கள் சுட்டது .38 ஸ்பெஷல் என்ற இலேசான தோட்டா. ரோந்தில் எடுத்துப் போனதோ .357 மேக்னம் என்ற வலுவான தோட்டா. குண்டின் விட்டம் ஒன்றுதான், ஒரே ரிவால்வரில் இரண்டும் போகும். ஆனால் சத்தம் வேறு, தீப்பிழம்பு வேறு, உதை வேறு. உயிர் போகும் நேரத்தில் அது புதிய அனுபவமாக இருந்தால் என்ன ஆகும்? அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைய தந்திரமும் பயிற்சி முறையும் முழுக்கவே விமர்சிக்கப்பட்டன. ஆனால் அதன் பிறகு, "பணியில் எதைச் சுடுவாயோ அதையே பயிற்சியிலும் சுடு" என்ற பாடம் அமெரிக்கக் காவல்துறைப் பயிற்சியில் அழுத்தமாகப் பதிந்தது. நான்கு உயிர் கொடுத்து வாங்கிய பாடம்.

சாம்பியன்கள் என்ன செய்தார்கள்?

விளையாட்டுக்கே வருவோம். ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் என்று ஒரு பிரிவு. ஐந்து இலக்குகள், ஐந்து குண்டுகள். முதலில் 8 நொடி, பிறகு 6 நொடி, கடைசியில் 4 நொடி. நான்கு நொடியில் ஐந்து இலக்கு என்றால் நினைத்துப் பாருங்கள்! முன்பு இந்தப் பிரிவில் .22 ஷார்ட் என்ற குட்டித் தோட்டாவை அனுமதித்தார்கள். அதன் உதை அணில் தட்டுவது போல. 2005 முதல் விதியை மாற்றி, .22 லாங் ரைஃபிள் என்ற பெரிய தோட்டாவைத்தான் சுட வேண்டும் என்றார்கள். உலகத்து வீரர்கள் எல்லோரும் பழைய பிஸ்டலை வைத்துவிட்டு, புதிதாகக் கை பழக வேண்டி வந்தது.

ஜெர்மனியின் ரால்ஃப் ஷூமான் பழைய குட்டித் தோட்டாவில் 1992, 1996, 2004 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். தோட்டா மாறியதும் ஒதுங்கினாரா? இல்லை. 2008 பெய்ஜிங்கில் புதிய தோட்டாவோடு வந்து வெள்ளி வாங்கினார். அப்போது அவர் நாற்பதைக் கடந்தவர். அதற்கு அடுத்த ஒலிம்பிக்கில், 2012 லண்டனில், அதே பிரிவில் வெள்ளி வாங்கியவர் நம் இந்திய ராணுவத்தின் விஜய் குமார். 

இன்னொருவர் ஜஸ்பால் ராணா. 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் சென்டர் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 18. என் வயது! சென்டர் ஃபயர் பிரிவில் .30 முதல் .38 வரை உள்ள கனமான தோட்டா, பெரும்பாலோர் சுடுவது .32. பிறகு 2006 தோஹா ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம். அதில் ஒன்று .22 சுடும் ஸ்டாண்டர்டு பிஸ்டல், ஒன்று கனமான சென்டர் ஃபயர், இன்னொன்று சென்டர் ஃபயர் அணிப் பிரிவு. சென்டர் ஃபயரில் 600-க்கு 590 எடுத்து அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார். ஒரே வாரம், ஒரே கை, இரண்டு விதமான உதை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் அவர் பயிற்சி கொடுத்த மனு பாக்கர், 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தனியாக ஒன்று, சரப்ஜோத் சிங்குடன் இணைந்து ஒன்று என இரண்டு வெண்கலம் வாங்கினார். 25 மீட்டர் பிஸ்டலில் நான்காம் இடம்.

இவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். இலேசானது ஒரு படி, கனமானது இன்னொரு படி. இரண்டையும் தனித்தனியாக மிதித்து ஏறியவர்கள்தான் மேலே போயிருக்கிறார்கள். ஒரு படியில் நின்றுகொண்டு இன்னொரு படியில் நிற்பதாக நினைத்தவர் யாரும் இல்லை.

மூட்டைத் தூக்குபவரின் தீர்ப்பு

புத்தகத்தில் படித்ததை எல்லாம் ஒரு நாள் அப்பாவிடம் சொன்னேன். அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. முப்பது வருடமாக லோடு மேன். லாரியில் இருந்து குடோனுக்கு, குடோனில் இருந்து லாரிக்கு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குத் துப்பாக்கியைப் பற்றித் தெரியாது. ஆனால் "லோடு" பற்றி அவரை விடத் தெரிந்தவர் யார்?

பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "புதுசா வர்ற பசங்களுக்கு மொதல்ல அரை மூட்டதான் குடுப்போம்பா. பலகை மேல எப்படி ஏறணும், எந்தக் கால மொதல்ல வெக்கணும், எப்படிக் குனிஞ்சு எறக்கணும்னு அதுலதான் கத்துக்கணும். அரை மூட்டையில நடை பழகும். ஆனா தோள் பழகாது. தோள் பழகணும்னா முழு மூட்டதான்."

நண்பர்களே, நான் பத்துப் பக்கம் எழுதிச் சொல்ல வந்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். நடைக்கு அரை மூட்டை. தோளுக்கு முழு மூட்டை. இலேசுத் தோட்டா விரலையும் மூச்சையும் பார்வையையும் பழக்கும். உதையைத் தாங்கும் பிடியை முழுத் தோட்டாதான் பழக்கும். இரண்டு கட்சியும் பாதி பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகின்றன.

பழங்கால ரோமானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கு நிஜ ஆயுதத்தைவிட இரட்டை எடையுள்ள மரவாளும் இரட்டை எடையுள்ள கேடயமும் கொடுத்துப் பழக்கினார்கள் என்று வெஜிடியஸ் என்ற ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர்களில் கர்லாக்கட்டை சுற்றியதும் இளவட்டக்கல் தூக்கியதும் இதே தத்துவம்தான். அதற்காக எல்லாவற்றையும் இரட்டை எடையில் பழகு என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கியில் அதிகக் கனம் பயத்தைத்தான் வளர்க்கும். ஆனால் தெருவில் டென்னிஸ் பந்தில் சிக்ஸர் மேல் சிக்ஸர் அடித்தவன், மைதானத்தில் கார்க் பந்து மார்புக்கு எழும்பி வரும்போது என்ன ஆகிறான் என்று நம் எல்லோருக்கும் தெரியும். 

எனவே என் தீர்ப்பு மூன்று விதி. ஒன்று, தொடக்கத்தில் இலேசு, தாராளமாக இலேசு. இரண்டு, போட்டி நெருங்க நெருங்க முழுத் தோட்டாவின் பங்கு கூட வேண்டும். காசு குறைவு என்றால் எண்ணிக்கையைக் குறைக்கலாம், கனத்தைக் குறைக்கக் கூடாது. நூறு இலேசு சுட்ட பிறகு பத்தே பத்து முழுத் தோட்டா சுட்டால்கூடக் கை உண்மையைச் சொல்லிவிடும். மூன்று, நோட்டுப் புத்தகத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம். இலேசில் எடுத்த 95-ஐ "என் மார்க்" என்று ஊருக்குச் சொல்லக் கூடாது. முழுத் தோட்டாவில் எடுத்த 82-தான் என் மார்க்.

நம் ஒர்க்‌ஷாப்பில் எந்தத் தோட்டா?

இப்போது சொல்லுங்கள், நாம் மூன்று வருடமாக எந்தத் தோட்டாவில் பழகுகிறோம்?

ஃபிட்டிங் ஷாப்பில் எம்.எஸ். பட்டையை அரத்தால் ராவி "வி" ஃபிட்டிங் செய்கிறோம். ஒரு ஜாப், மூன்று மணி நேரம், பக்கத்தில் நண்பன். அளவு கொஞ்சம் தள்ளிப்போனாலும் ரெக்கார்டு நோட்டில் படத்தில் உள்ள அளவையே எழுதிவிடுகிறோம். லேத்தில் ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங், த்ரெட் எல்லாம் போடுகிறோம். வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும், மைக்ரோமீட்டர் 0.01 வரை காட்டும். ஆனால் நாம் பார்ப்பது ஸ்கேல்! பரீட்சைக்கு "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்" பத்து. மாடல் எக்ஸாமுக்கு முன்பே தெரிந்த கேள்வி. வைவாவில் யார் என்ன கேட்பார் என்று சீனியர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு. இதெல்லாம் என்ன? மருந்து குறைத்த தோட்டாதானே!

பிறகு ஒரு நாள் சிங்கப்பெருமாள் கோவில் கூட்டு ரோட்டில் நின்று, ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறோம். அங்கே எட்டு மணி நேரம் நின்றே வேலை. ஒரே பாகம், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றும் அளவுக்குள் இருக்க வேண்டும். இல்லை என்றால் சிவப்புப் பெட்டிக்குள் போகும், போர்டில் நம் ஷிஃப்ட்டின் பெயர் ஏறும். முடித்துப் போன சீனியர் அண்ணன் ஒருவர் அப்ரன்டிஸாகச் சேர்ந்து ஒன்பதாம் நாள் திரும்பி வந்துவிட்டார். கெட்டிக்காரர், எல்லா செமஸ்டரிலும் ஃபர்ஸ்ட் கிளாஸ். "வேலை தெரியாம இல்லடா, ஒடம்பு தாங்கல, மனசு தாங்கல" என்றார். அவருக்கு நடை பழகியிருந்தது. தோள் பழகவில்லை. அது அவர் குற்றமும் அல்ல. முழு மூட்டையை யாரும் ஒரு நாள்கூட அவர் தோளில் வைத்துப் பார்க்கவில்லை.

வசதியான வீட்டுப் பிள்ளை திரும்பி வந்தால் வேறு வழி பார்த்துக்கொள்வான். நம்மைப் போல வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் திரும்பி வந்தால், "படிச்சு என்ன பண்ணின?" என்று தெருவே கேட்கும். அவனுக்குப் பின்னால் வர வேண்டிய தம்பி, தங்கையின் படிப்பையும் சேர்த்தே அந்தக் கேள்வி கேட்கும். அதனால்தான் இது எனக்கு விளையாட்டு விஷயமாகத் தெரியவில்லை.

முதல் வருடத்துப் பிள்ளைக்கு அலுமினியம் கொடுங்கள், நிதானமாகக் கற்றுக் கொடுங்கள். புதிதாக வந்தவனைக் கடினமான இரும்பில் ஆழமாக வெட்டச் சொன்னால் டூல் உடையும், சில்லு கண்ணில் தெறிக்கும். அங்கே இலேசுதான் சரி. ஆனால் மூன்றாம் வருடத்திலும் அதே இலேசு என்றால் அது பயிற்சி அல்ல, தாலாட்டு.

நம் மாணவர் மன்றத்தின் வழியாக மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். இவற்றுக்குப் புது மெஷின் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம்.

முதலாவது: மூன்றாம் ஆண்டில் ஒவ்வொரு செமஸ்டரின் கடைசி இரண்டு பிராக்டிகலும் "முழுத் தோட்டா" பிராக்டிகலாக இருக்கட்டும். அளவு எல்லை குறித்த டிராயிங் ஒன்று, ஒரே ஜாப் ஐந்து எண்ணிக்கை, உதவிக்கு யாரும் இல்லை, கடைசி வரை நின்றே வேலை. செய்ததை வேறு பேட்ச் மாணவர்கள் மைக்ரோமீட்டரில் அளக்கட்டும்.

இரண்டாவது: ரெக்கார்டு நோட்டில் டிராயிங் அளவுக்குப் பக்கத்தில், நாம் உண்மையில் எடுத்த அளவுக்கு ஒரு கட்டம் போடுவோம். 25.00 கேட்ட இடத்தில் 25.38 வந்தால் 25.38 என்றே எழுதுவோம். அதற்காக மார்க் குறைக்க வேண்டாம் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வோம். பொய்யான 25.00-ஐ விட உண்மையான 25.38 நமக்கு அதிகம் கற்றுக் கொடுக்கும்.

மூன்றாவது: மாதிரி இண்டர்வியூவை நம் வகுப்பு நண்பனே எடுக்க வேண்டாம். வேறு துறை ஆசிரியரோ, கம்பெனியில் இருக்கும் பழைய மாணவரோ வந்து, நமக்குத் தெரியாத கேள்வியைக் கேட்கட்டும். தமிழ் மீடியத்தில் இருந்து வந்தவர்கள் திக்குவோம். திக்கட்டுமே! இங்கே திக்கினால் நஷ்டம் ஒன்றுமில்லை, சம்பளம் பேசும் மேஜையில் திக்கினால்தான் நஷ்டம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கியைத் தேடிப் போக வேண்டாம்! 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். உண்மையிலேயே ஆசை இருப்பவர்கள் என்.சி.சி.யில் சேருங்கள், அல்லது அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பில் ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். தொடங்கும்போது இலேசாகவே தொடங்குங்கள், அதில் வெட்கமில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னைக் கேட்டால், ஏட்டுச் சுரைக்காயும் தேவைதான், அதைக் கறி என்று பரிமாறாத வரைக்கும். மூன்று வருடம் முடிந்து நாம் வெளியே போகும்போது, நம் கையில் இருக்கும் மார்க் ஷீட் எந்தத் தோட்டாவில் சுட்டு வாங்கியது என்பது நமக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இலேசில் பழகுவோம்! முழுதில் அளந்து பார்ப்போம்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்,
சிங்கப்பெருமாள் கோவில்